மூளை, முண்ணாண் சத்திரசிகிச்சையின் தோற்றம்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாற்றை எழுதப் புகுந்தோருட் பலர் அதனைப் பேரறிஞர் சிலரின் வாழ்க்கை வரலாறாகவே எழுதிச் சென்றுள்ளனர். ஒரு மேதை தோன்றினார். அதுகாறும் எவரும் செய்யத் துணியாததைச் செய்தார். உலகம் வியந்தது என்றவாறு அவ்வரலாறு அமையும். மூளைச் சத்திரசிகிச்சையின் வரலாறும் இதற்கு விலக்கன்று. எனினும், மண்டையோட்டைத் திறக்கும் செயல் மனித குலம் அறிந்த மிகப் பழைய சத்திரசிகிச்சைகளுள் ஒன்று என்பதையும், மூளையின் உள்ளே இருக்கும் நோயை இன்ன இடத்தில் உளதெனத் துணிந்து அகற்றும் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே உருவாயிற்று என்பதையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஒரு வினா எழுகின்றது. கத்தியும் கையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்தன. அப்படியாயின் இத்தனை காலமும் எது இல்லாதிருந்தது? இவ்வினாவுக்கு விடை காண்பதும், அவ்விடைக்கு விலை கொடுத்தோர் யாவர் என்பதைச் சுட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைக்காலச் சான்றுகள்

பெரு நாட்டின் கூஸ்கோப் பகுதியிற் கிடைத்த, சதுரமான துளையொன்றுடன் கூடிய பழைய மண்டையோடு 1867ஆம் ஆண்டு பாரிசு நகரிலே அறிஞர் முன்னிலையில் ஆராயப்பட்டது. துளையின் ஓரத்திலே காணப்பட்ட மாற்றங்களைக் கொண்டு, அது இறந்த உடலிற் செய்யப்பட்டதன்று, உயிருடன் இருந்த ஒருவருக்கே செய்யப்பட்டது என்று அங்கு எடுத்துக்காட்டியவர் போல் புரோக்கா என்ற பிரான்சிய சத்திரசிகிச்சை நிபுணராவார். உலகின் பல பாகங்களிலும் இத்தகைய மண்டையோடுகள் பின்னர் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுட் பலவற்றிலே துளையின் விளிம்பு மீண்டும் வளர்ந்து மழுங்கியிருப்பதால், அச்சிகிச்சைக்கு உட்பட்டோர் பலர் உயிர் பிழைத்தனர் என்பது தெளிவாகின்றது. ஆனால் என்பைத் திறந்தோர் அதன் கீழே உள்ளதன் தொழில் யாதென அறிந்திருந்தனர் என்பதற்கு இவை சான்றாகமாட்டா.

அறிவு சார்ந்த முதற் சான்று எகிப்திலிருந்து கிடைக்கின்றது. எட்வின் சிமித் என்பார் 1862இல் லக்சர் நகரிலே விலைக்கு வாங்கிய பப்பிரசுச் சுருளொன்றை ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்டார். கி.மு. 1600ஆம் ஆண்டளவிற் படியெடுக்கப்பட்டதும் அதனினும் பழைமையான மூலத்தைக் கொண்டதுமான இந்நூல் 48 நோயாளரைப் பற்றிக் கூறுகின்றது. அவர்களுள் 27 பேர் தலையிற் காயமுற்றோர். கழுத்தென்பு விலகியதால் கைகால்கள் உணர்விழந்து, சிறுநீர் தானாகவே ஒழுகும் நிலையும் அதிற் குறிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு நோயாளர் பற்றியும் சிகிச்சை செய்யத்தக்கது, போராடிப் பார்க்கத்தக்கது, சிகிச்சைக்கு அப்பாற்பட்டது என மூன்றில் ஒரு தீர்ப்பு வழங்கப்படுகின்றது. கழுத்தென்பு விலகியவருக்குக் கிடைத்தது மூன்றாவது தீர்ப்பே. அவதானம் கூர்மையாக இருந்தும் பரிகாரம் இல்லாதிருந்த நிலையை இது காட்டுகின்றது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே பெர்கமம் நகரில் வாள்வீரர்களுக்கு வைத்தியராயிருந்த கேலன், விலங்குகளின் முண்ணாணை வெவ்வேறு மட்டங்களில் வெட்டி, எம்மட்டத்தில் வெட்டினால் எவ்வுறுப்புச் செயலிழக்கும் என்பதை முறையாகச் சோதித்தார். கழுத்தின் மேற்பகுதியில் வெட்டியபோது சுவாசமே நின்றது. அமைப்பையும் தொழிலையும் இணைத்துக் காணும் ஆய்வு முறையின் மூலவித்து இதுவே எனலாம். எனினும் அவ்வித்து முளைப்பதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது. இடைக்காலத்து அறிஞர் மூளையின் திண்மப் பகுதியை விடுத்து அதனுள்ளேயுள்ள வெற்றறைகளிலேயே கற்பனையும் நினைவும் பகுத்தறிவும் குடிகொண்டுள்ளன என நம்பினர். நூலுக்கு உடலை ஒப்பிட்டனரேயன்றி உடலுக்கு நூலை ஒப்பிட்டாரல்லர்.

உடலமைப்பியலும் உடல்களும்

இந்நிலையை மாற்றியவர் வெசாலியசு. 1543இல் வெளியான அவரது பெருநூலின் ஏழாம் பாகம் மூளையைப் பற்றியது. தம் கையாலேயே உடலை வெட்டிக் கண்டதை எழுதும் வழக்கத்தை அவர் நிலைநாட்டினார். 1664இல் இலண்டனிலே தோமஸ் வில்லிஸ் மூளையின் அமைப்பைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். அதற்கான படங்கள் சிலவற்றை வரைந்தவர் பிற்காலத்திலே கட்டடக் கலைஞராகப் புகழ்பெற்ற கிறிஸ்தோபர் ரென் ஆவார். மூளையின் அடிப்பகுதியிலே குருதிக் குழாய்கள் இணைந்து உருவாக்கும் வளையம் இன்றும் வில்லிசின் பெயராலேயே வழங்குகின்றது.

இவ்வறிவு எவருடைய உடல்களிலிருந்து பெறப்பட்டது என்ற வினாவை வரலாற்று மாணவர் தவிர்க்க இயலாது. வெசாலியசின் காலத்தில் வெட்டி ஆராயப்பட்டவை பெரும்பாலும் தூக்கிலிடப்பட்டோரின் உடல்கள். மருத்துவக் கல்லூரிகள் பெருகியபோது அவை போதாமற் போயின. புதைகுழிகளைத் தோண்டிப் பிணம் விற்போர் தோன்றினர். 1828இல் எடின்பரோ நகரிலே பேர்க், ஹெயர் என்னும் இருவர் பிணங்களை விற்பதற்காகவே மனிதரைக் கொன்றமை வெளிப்பட்டது. 1832இல் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இப்பற்றாக்குறையைத் தீர்த்தது. உரிமை கோருவாரின்றி இறந்தோரின் உடல்களை உடலமைப்பியற் கூடங்களுக்கு வழங்க அது வழிவகுத்தது. ஏழைகள் தஞ்சம் புகுந்த தொழில் விடுதிகளிலும் வைத்தியசாலைகளிலும் இறந்தோரே அவ்வாறு உரிமை கோரப்படாதோர். முன்னர் கொலைக் குற்றத்துக்குரிய தண்டனையாக இருந்தது இப்பொழுது வறுமையின் விளைவாயிற்று. மூளை பற்றிய அறிவின் அடித்தளத்திலே இவ்வுண்மையும் புதைந்து கிடக்கின்றது.

புரோக்காவின் கண்டுபிடிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மூளையாராய்ச்சி ஒரு பெரும் விவாதத்தைச் சுற்றியே நிகழ்ந்தது. மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனித் தொழில் உண்டென்றார் கோல். ஆயின், மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவியே ஒருவரின் குணத்தைக் கூறலாம் என்று அவரும் அவரைப் பின்பற்றியோரும் கூறியமையால் அக்கொள்கை நகைப்புக்கிடமாயிற்று. மறுதலையாக, புளோரன்ஸ் என்ற பிரான்சிய ஆய்வாளர் பறவைகளின் மூளையைப் பகுதி பகுதியாக அகற்றிச் சோதித்து, பெருமூளை பிரிவின்றி முழுமையாகவே தொழிற்படுகின்றது என்றார். அவர் கூற்று உண்மையாயின், மூளைக்குள் இருக்கும் நோயின் இடத்தை வெளிக்குறிகளைக் கொண்டு அறியவே முடியாது, சத்திரசிகிச்சைக்கும் வழியில்லை. ஏட்டு விவாதமாகத் தோன்றிய இதன் முடிவிலேயே எண்ணற்ற நோயாளரின் உயிர் தங்கியிருந்தது.

1861ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே இவ்விவாதம் திருப்பம் கண்டது. பாரிசுக்கு அண்மையிலுள்ள பிசேத்ர் வைத்தியசாலையிலே இருபத்தொரு ஆண்டுகளாக வாழ்ந்த ஐம்பத்தொரு வயது நோயாளர் ஒருவர் காலிலே கடும் அழற்சியுற்று, புரோக்காவின் பொறுப்பிலிருந்த பகுதிக்கு அனுப்பப்பட்டார். அவர் பிறர் கூறுவதை விளங்கிக்கொண்டார். ஆயின் எதனைக் கேட்டாலும் ‘தான்’ என்ற ஓரொலியையே பெரும்பாலும் விடையாகக் கூறினார். அதனால் வைத்தியசாலையில் அவருக்கு அதுவே பெயராயிற்று. பேச்சுக்குரிய இடம் மூளையின் முன்பகுதியிலேயே உண்டென வாதிட்ட ஓபேட்டின் என்பாரைப் புரோக்கா அழைத்து நோயாளரைக் காட்டினார். முன்பகுதியிலே சிதைவு காணப்படாவிடின் தம் கொள்கையைக் கைவிடுவதாக ஓபேட்டின் முன்னரே அறிவித்திருந்தார். ஏப்பிரில் 17ஆம் திகதி நோயாளர் இறந்தார். மறுநாளே புரோக்கா அவரது மூளையை மானிடவியற் சங்கத்தின் முன் வைத்தார். இடப்பக்க முன்மடலின் மூன்றாவது மடிப்பிலே சிதைவு காணப்பட்டது. மேலும் பல நோயாளரின் சான்றுகளைத் திரட்டிய பின்னரே, 1865இல், பேச்சு இடப்பக்க மூளையைச் சார்ந்தது என அவர் உறுதியாக எழுதினார். அம்மூளையை வெட்டாமல் அவர் காத்துவைத்தமையால் பிற்காலத்தார் அதனைப் புதிய கருவிகளால் மீண்டும் ஆராயவும் முடிந்தது.

இங்கு கவனிக்கத்தக்கது ஆய்வின் முறையாகும். உயிருடன் இருக்கையில் நோயாளரிடம் கண்ட குறி, இறந்தபின் மூளையிற் கண்ட சிதைவு ஆகிய இரண்டும் ஒன்றையொன்று சோதித்தன. முதலிலே கூற்று, பின்னர் சான்று, சான்று மறுப்பின் கூற்றைக் கைவிடும் துணிவு. மூளைச் சத்திரசிகிச்சை என்னும் கட்டடம் இம்முறைமையின் மீதே எழுந்தது.

வலிப்பும் விலங்குச் சோதனைகளும்

இலண்டன் குயின் சதுக்கத்திலே அமைந்த தேசிய வைத்தியசாலையில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் வலிப்பு நோயாளரைப் பொறுமையுடன் அவதானித்து வந்தார். வலிப்பு சிலரிடம் பெருவிரலில் தொடங்கி, கைக்கும் முகத்துக்கும் பின்னர் காலுக்கும் ஓர் ஒழுங்கிற் பரவுவதைக் கண்ட அவர், மூளையின் மேற்பட்டையிலும் உடலுறுப்புகள் அவ்வாறே ஓர் ஒழுங்கிற் பகரப்பட்டிருத்தல் வேண்டும் என உய்த்துணர்ந்தார். 1870இல் பேர்ளினிலே பிரிச்சு, ஹிற்சிக் ஆகிய இருவரும் நாயின் மூளை மேற்பட்டையை மின்னோட்டத்தாற் தூண்டி, எதிர்ப்பக்கத் தசைகள் அசைவதைக் காட்டினர். 1873இல் டேவிட் பெறியர் யோக்சயரிலுள்ள மனநோய் வைத்தியசாலையொன்றின் ஆய்வுகூடத்திலே இச்சோதனைகளை விரிவாக்கி, பின்னர் குரங்குகளின் மூளைக்கு ஒரு வரைபடத்தையே வகுத்தார். 1876இல் வெளியான அவரது நூல் ஜாக்சனுக்கே காணிக்கையாக்கப்பட்டது.

இவ்வளர்ச்சியின் நிழற்பக்கமும் மறைக்கத்தக்கதன்று. 1874இல் அமெரிக்காவின் சின்சினாற்றி நகரிலே புற்றுநோயால் மண்டையோடு அரிக்கப்பட்டு மூளை வெளித்தெரிந்த முப்பது வயதுப் பெண்ணொருவரின் மூளையிலே பார்தொலோ என்ற வைத்தியர் மின்னூசிகளைச் செருகித் தூண்டினார். மின்னோட்டம் கூட்டப்பட்டபோது அப்பெண் கடும் வலிப்புற்றார். சில நாட்களுள் இறந்தார். வீட்டு வேலைசெய்து வாழ்ந்த அப்பெண்ணுக்கு இச்சோதனையால் யாதொரு நன்மையும் விளையவில்லை. மருத்துவ உலகிலே கண்டனம் எழ, பார்தொலோ வருத்தம் தெரிவித்து எழுத நேர்ந்தது. ஆயினும் மனித மூளையின் மேற்பட்டையும் மின்னுக்கு இயங்கும் என்பதற்கான முதற் சான்றாக அச்சோதனை நூல்களில் இடம்பெற்றுவிட்டது.

1881இல் இலண்டனிற் கூடிய அனைத்துலக மருத்துவ மாநாட்டிலே, மூளை முழுமையாகவே தொழிற்படுகின்றது எனக் கருதிய கொல்ஸ் ஒரு நாயையும், பெறியர் ஒரு குரங்கையும் சான்றாகக் கொண்டுவந்தனர். பெறியரின் குரங்கு ஒருபக்கம் செயலிழந்து, பாரிசவாதம் கொண்ட மனிதரைப் போலவே நடந்தது. பின்னர் அவ்விலங்குகளின் மூளைகளை ஆராய்ந்தபோது, குரங்கிலே சேதம் பெறியர் கூறிய இடத்திலேயே இருந்தது. நாயிலோ கொல்ஸ் எண்ணியதைவிடக் குறைந்த பகுதியே அகற்றப்பட்டிருந்தது. அவ்வாண்டே விலங்குவதைத் தடைச்சட்டத்தின் கீழ் பெறியர் மீது வழக்குத் தொடரப்பட்டது. சத்திரசிகிச்சையைச் செய்தவர் அனுமதிப்பத்திரம் பெற்ற வேறொருவர் என்பது தெளிவானதால் வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஆயினும் இவ்வறிவாற் பிழைத்த மனிதர் எங்கே என்ற வினா பொதுமக்கள் மத்தியிலே எழுந்துவிட்டது.

கிளாஸ்கோவும் இலண்டனும்

மயக்க மருந்து 1846இலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. கிருமிகளைத் தடுக்கும் முறையை 1867இல் லிஸ்ரர் வெளியிட்டார். இவையிரண்டும் மூளைச் சத்திரசிகிச்சைக்கு இன்றியமையாதவை. எனினும் எவ்விடத்தைத் திறப்பது என்ற வினாவுக்கு இவை விடையளிக்கமாட்டா. அவ்விடை புரோக்கா, ஜாக்சன், பெறியர் ஆகியோரின் ஆய்வுகளிலிருந்தே கிடைத்தது.

இம்மூன்றையும் முதலில் இணைத்தவர் கிளாஸ்கோவிலே லிஸ்ரரின் மாணவராயிருந்த வில்லியம் மக்கியூவன். 1876இல் சிறுவனொருவனுக்கு மூளையிலே சீழ்க்கட்டி உண்டென்றும், புரோக்கா சுட்டிய மடிப்பிலேயே அது உளதென்றும் கணித்த அவர், மண்டையைத் திறக்க அனுமதி வேண்டினார். அனுமதி மறுக்கப்பட்டது, சிறுவன் இறந்தான். இறந்தபின், தாம் திறக்க எண்ணிய அவ்விடத்தையே மக்கியூவன் திறந்தார். சீழ்க்கட்டி அங்கேயே இருந்தது. தம் கணிப்பு மெய்ப்பிக்கப்பட்டமையையும், காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர் போயினமையையும் அவர் ஒருங்கே கண்டார். மூன்றாண்டுகளின் பின், 1879இல், பதினான்கு வயதுச் சிறுமியின் மூளையுறையிலிருந்த கட்டியை வெற்றிகரமாக அகற்றினார். அச்சிறுமி எட்டாண்டுகள் வாழ்ந்து வேறொரு நோயால் இறந்தபோது கட்டி மீண்டும் தோன்றியிருக்கவில்லை. 1893இல் அவர் வெளியிட்ட நூலின்படி, சீழ்க்கட்டிக்காக அவர் சத்திரசிகிச்சை செய்த 19 பேருள் 18 பேர் குணமடைந்தனர். நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் எவையும் இல்லாத காலத்திலே பெறப்பட்ட பேறு இது.

ஆயினும், 1884ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி இலண்டனிலே நடைபெற்ற சத்திரசிகிச்சைக்கே பெரும் புகழ் கிட்டியது. மக்கியூவனின் சிறுமிக்குக் கண்ணுக்கு மேலே வெளிவீக்கம் இருந்தது. இலண்டன் நோயாளரான இருபத்தைந்து வயது விவசாயிக்கோ மண்டையின் வெளியே எவ்விதக் குறியும் இல்லை. இடப்பக்க முகத்திலே தொடங்கிய வலிப்பு, பின்னர் இடக்கையின் செயலிழப்பு, தலைவலி, வாந்தி ஆகியவற்றை மட்டும் கொண்டு, வலப்பக்க மூளையின் இயக்கப் பகுதியிலே சிறியதொரு கட்டி உண்டென ஹியூஸ் பெனெற் துணிந்தார். லிஸ்ரரின் மருகரான றிக்மன் கொட்லி அவ்விடத்தைத் திறந்தார். மேற்பரப்பிலே கட்டி தென்படவில்லை. கணிப்பை நம்பி உள்ளே வெட்டியபோது, சற்றுக் கீழே வாதுமைக் கொட்டையளவான கட்டி அகப்பட்டது. வலிப்பு நின்றது. ஆனால் காயத்திலே தொற்று ஏற்பட்டு இருபத்தெட்டாம் நாள் நோயாளர் இறந்தார். பிரேதபரிசோதனையிலே கட்டியின் எச்சம் எதுவும் காணப்படவில்லை. கணிப்பு வென்றது, மனிதர் தோற்றார். இருந்தும், விலங்குச் சோதனைகளாற் பெற்ற அறிவு மனிதருக்குப் பயன்படும் என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்றெனப் பத்திரிகைகளில் வாதிடப்பட்டது. எதிர்ப்போரோ நோயாளர் இறந்ததையே சுட்டினர்.

முண்ணாண் கட்டி

முண்ணாணைப் பொறுத்தவரை இடங்காணல் வேறொரு வகையிற் கடினமானது. வளர்ந்தோரிலே முண்ணாண் முதுகென்புத் தொடரின் முழு நீளத்துக்கும் செல்வதில்லை. இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடும். ஆகவே முண்ணாணின் ஒரு துண்டம் அதே எண்ணுடைய என்புக்கு நேரே அமையாது, சற்று மேலேயே அமையும். நரம்புகள் கீழ்நோக்கி இறங்கியே வெளியேறும். தோலிலே உணர்விழந்த எல்லையைக் கண்டு, அதற்குரிய நரம்பைத் தேர்ந்து, அந்நரம்பு புறப்படும் துண்டத்தைக் கணித்து, அத்துண்டத்துக்கு நேரான என்பைத் திறத்தல் வேண்டும். இவ்வொப்பீட்டைப் படமாக வரைந்து வைத்தியர் கையில் அளித்தவர்களுள் வில்லியம் கவர்ஸ் முதன்மையானவர்.

1887ஆம் ஆண்டு யூன் மாதத்திலே கவர்ஸ் நாற்பத்திரண்டு வயதான கப்டன் கில்பி என்பாரைச் சோதித்தார். அவர் நெடுங்காலம் முதுகிலே கொடிய வலியால் வருந்தி, பல வைத்தியரைக் கண்டும் பயன் காணாது, ஈற்றிலே இருகால்களும் செயலிழந்த நிலையில் இருந்தார். முண்ணாணை அழுத்தும் கட்டி உண்டெனக் கவர்ஸ் துணிந்து, விக்டர் ஹோஸ்லியை அழைத்தார். யூன் 9ஆம் திகதி சத்திரசிகிச்சை நடைபெற்றது. கணிக்கப்பட்ட இடத்தைத் திறந்தபோது கட்டி இல்லை. அங்கேயே நிறுத்தியிருப்பின் அந்நோயாளரின் கதை முடிந்திருக்கும். ஹோஸ்லி மேலும் உயரே என்பை அகற்றிச் சென்றார். அங்கே வாதுமைப் பருப்பின் வடிவான கட்டி முண்ணாணை நசுக்கிக்கொண்டிருந்தது. அது அகற்றப்பட்டது. நோயாளர் படிப்படியாக நடக்கத் தொடங்கி, நாளொன்றுக்குப் பதினாறு மணிநேரம் தொழில் பார்க்கும் நிலையை எய்தினார். பின்னரும் பல்லாண்டு வாழ்ந்தார். எகிப்தியச் சுருளிலே சிகிச்சைக்கு அப்பாற்பட்டதென ஒதுக்கப்பட்ட முண்ணாண் இவ்வாறு மருத்துவத்தின் எல்லைக்குள் வந்து சேர்ந்தது.

பிற்கால வளர்ச்சியும் வழுவும்

இருபதாம் நூற்றாண்டிலே ஹாவி குஷிங் குருதிப்பெருக்கை அடக்கும் நுட்பங்களை வகுத்து, தாம் அகற்றிய ஒவ்வொரு கட்டியையும் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து பேணினார். 1931இல் அவ்வாறு உறுதிசெய்யப்பட்ட கட்டிகளின் தொகை இரண்டாயிரத்தை எட்டியது. மொன்றியலிலே பென்பீல்ட், மூளை தன்னளவில் வலியை உணராது என்ற உண்மையைப் பயன்படுத்தி, விழித்திருக்கும் நோயாளரின் மூளையைத் தூண்டி, அவர்கள் கூறியதைப் பதிவுசெய்தார். பார்தொலோவின் செயலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கருவியில் அன்று. நோயாளரின் இசைவிலும் நலத்திலுமே உள்ளது. பென்பீல்டிடம் பயின்ற யேக்கப் சாண்டி 1949இல் வேலூரிலே இத்துறையைத் தொடங்கினார். 1950இல் சென்னையிலே இராமமூர்த்தி தொடங்கினார். தமிழ் வழங்கும் நிலத்துக்கு இக்கலை வந்த வழி இதுவாகும்.

அதே காலத்திலே வழுவும் நேர்ந்தது. 1935இல் போர்த்துக்கல்லிலே மொனிஸ் என்பார் மனநோயாளரின் முன்மூளை இழைகளை வெட்டும் சிகிச்சையைத் தொடங்கினார். வெட்டப்பட்ட இடத்திலே நோய் இருந்தது என்பதற்கு உடலமைப்பியற் சான்று எதுவும் இருக்கவில்லை. நோயாளர் அமைதியடைந்தனர் என்பதே போதிய சான்றாகக் கொள்ளப்பட்டது. 1949இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர், அவர்களுட் பலர் மனநோய் வைத்தியசாலைகளில் அடைபட்டுக் கிடந்தோர், தம் ஆளுமையை இழந்தனர். குறி, சிதைவு என்னும் இரண்டும் ஒன்றையொன்று சோதிக்கும் முறைமை கைவிடப்படுமிடத்து, சத்திரசிகிச்சை எத்துணைக் கேட்டை விளைவிக்கும் என்பதற்கு இது மறுக்கவியலாத சான்று.

1971இல் இலண்டனிலே கணினி உதவியுடன் எடுக்கப்பட்ட முதலாவது மூளைப்படம், உய்த்துணர்ந்து இடங்கண்ட காலத்துக்கு ஓர் எல்லையாக அமைந்தது. இன்று கட்டியின் இடத்தைக் கண்ணாலேயே காணலாம். எனினும் அவ்விடத்தை வெட்டினால் நோயாளர் பேச்சை இழப்பாரா, கையை இழப்பாரா என்ற வினாவுக்கு விடையளிப்பது 1861க்குப் பின் படிப்படியாக உருவான அறிவேயாகும்.

ஆக, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகும்: கத்திக்கு முன் இல்லாதிருந்தது, நோயாளரின் படுக்கையையும் பிரேதபரிசோதனைக் கூடத்தையும் இணைத்த ஆய்வு முறையே. அவ்விணைப்பை ஏற்படுத்திய அறிஞரின் பெயர்கள் மடிப்புகளுக்கும் வளையங்களுக்கும் இடப்பட்டுள்ளன. அவ்விணைப்பின் மறுமுனையிலே கிடந்தோரோ பெரும்பாலும் பெயரற்றவர்கள். ஓரொலியை மட்டும் பேசிய பிசேத்ர் நோயாளரும், சின்சினாற்றியின் வேலைக்காரப் பெண்ணும், கிளாஸ்கோச் சிறுவனும், உரிமை கோரப்படாது கூடங்களுக்குச் சென்ற ஏழைகளும் இவ்வறிவின் பயனை நுகர்ந்தோர் அல்லர்; அதனை உருவாக்கியோர். மருத்துவ வரலாறு முழுமை பெறவேண்டுமாயின் அவர்களும் அதன் மாந்தராகவே எழுதப்படல் வேண்டும்.